ஃபேமிகாம் என்னும் டிவி கேம்

ஃபேமிகாம் என்பது, ஜப்பான் தேசத்துக் கியோட்டோ நகரில் 1889-ஆம் ஆண்டு சீட்டுக்கட்டு செய்யும் ஸ்தாபனமாகத் தோன்றிப் பிற்காலத்தில் பொம்மைகளிலும் மின்னணு விளையாட்டுகளிலும் பிரவேசித்த நின்டெண்டோ நிறுவனம், 1983 ஜூலை 15-ஆம் தேதி தன் நாட்டில் விற்பனைக்கு விட்ட, வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடத்தக்க விளையாட்டு யந்திரமாகும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உருவமும் பெயரும் மாறி என்.இ.எஸ். என வழங்கிய இது, இந்தியாவுக்குத் தன் சொந்தப் பெயரில் வராமல், கீழ்த்திசை நாடுகளில் செய்யப்பட்ட நகல்களின் வடிவில், பற்பல பெயர்களைத் தாங்கி 1990-களின் தொடக்கத்தில் வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டில் ஜனங்கள் அதை டிவி கேம் என்றோ வீடியோ கேம் என்றோ மட்டுமே அறிவர். உலகமெங்கும் ஏறக்குறைய 6 கோடியே 19 லட்சம் விற்றதாக உற்பத்தியாளரின் கணக்கு சொல்லும் இந்த யந்திரத்தின் வியாபார விருத்தாந்தத்தில், திருநெல்வேலி மாநகரின் மேலப்பாளையத்திலும் அதுபோன்ற ஊர்களிலும் அதற்கு வாய்த்த வாழ்வைப்பற்றி ஒரு வரியும் கிடையாது. அந்த ஏட்டில் ஏறாத வாழ்வையும் சேர்த்துப் பார்த்தாலன்றி அதன் வெற்றியை அளவிட இயலாது.

அந்நாளில் நின்டெண்டோவின் தலைவராயிருந்த ஹிரோஷி யமாவுச்சி, போட்டியாளர் ஓராண்டுக் காலத்துக்கேனும் எட்டிப் பிடிக்க முடியாத வல்லமை யந்திரத்துக்கு வேண்டும் என்றும், ஆனால் விலை சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாக வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தார். ஒன்றோடொன்று முரண்படும் இவ்விரண்டு கட்டளைகளையும் தலைமேற்கொண்டு இதை வடிவமைத்தவர் மசாயுகி உயெமுரா என்னும் பொறியாளர். ரிக்கோ நிறுவனம் செய்துகொடுத்த இரண்டு சில்லுகளே யந்திரத்தின் ஜீவநாடி. அவற்றுள் ஒன்று, 1975-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 25 டாலருக்கு வெளிவந்து கணிப்பொறிச் சந்தையின் விலைவாசியையே குலைத்த 6502 என்னும் எட்டு பிட் சில்லின் வழிவந்தது. கணக்கும் ஒலியும் அதன் பொறுப்பு. மற்றொன்று, திரையில் படம் வரைவதற்கென்றே அமைந்தது. யந்திரத்தின் உள் நினைவகமோ 2 கிலோபைட்டுதான். இக்கட்டுரையின் ஒரு பத்தியை அதில் முழுதாக அடக்குவதே கஷ்டம். எனினும் விளையாட்டின் நிரல் முழுவதும் கேசட்டுக்குள்ளேயே நிரந்தரமாகப் பதிந்திருந்தபடியால், பெட்டியில் அதிக நினைவகம் வைத்து விலையை ஏற்றவேண்டிய அவசியம் நேரவில்லை. 14,800 யென்னுக்கு விற்க முடிந்ததும் இதனால்தான். கட்டைவிரலால் நான்கு திக்கிலும் அழுத்தத்தக்க சிலுவை வடிவப் பொத்தான், குன்பெய் யோகோய் என்பவர் அதற்கு முந்திய கைவிளையாட்டுக் கருவிக்காகக் கண்டது. இன்றுவரை உலகிலுள்ள இத்தகைய கைப்பிடிகள் பெரும்பாலும் அதன் சந்ததியே. முதலில் விற்ற பெட்டிகள் சில்லுக் கோளாற்றால் இடையிடையே ஸ்தம்பித்துப் போக, நிறுவனம் அவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டு புதிய பலகை வைத்து விற்றது. இவ்வளவு சங்கடத்துக்குப் பின்னரும் 1984-ஆம் ஆண்டு முடிவதற்குள் ஜப்பானில் இதற்கு நிகராக விற்ற வேறு விளையாட்டு யந்திரம் இல்லையென்றாயிற்று.

அமெரிக்காவில் அதே 1983-ஆம் ஆண்டில் வீடியோ விளையாட்டு வியாபாரம் தலைகீழாக விழுந்திருந்தது. அட்டாரி நிறுவனத்தின் யந்திரத்துக்கு யார் வேண்டுமானாலும் கேசட் செய்து விற்கலாம் என்றிருந்த நிலையில், தரமற்ற சரக்கு கடைகளில் குவிந்து, வாங்குவோர் வெறுத்து, வியாபாரிகள் வீடியோ விளையாட்டு என்ற பெயரைக் கேட்டாலே கதவடைக்கும் நிலைமை உண்டாயிற்று. நின்டெண்டோ இதிலிருந்து பெற்ற பாடம் இரண்டு. முதலாவது, 1985 அக்டோபரில் நியூயார்க்கில் அறிமுகம் செய்தபோது யந்திரத்தின் தோற்றத்தையே மாற்றி, கூடவே ஒரு பொம்மை ரோபோவையும் சேர்த்து, இது வேறு ஏதோ சாதனம் என்று கடைக்காரரை நம்பவைத்தது. இரண்டாவது, அமெரிக்கப் பெட்டிக்குள்ளும் ஒவ்வொரு கேசட்டுக்குள்ளும் ஒரு பூட்டுச் சில்லை வைத்து, அவை ஒன்றையொன்று இனங்கண்டாலொழிய விளையாட்டு தொடங்காதபடி செய்ததோடு, வெளி நிறுவனங்கள் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளுக்கு மேல் வெளியிடலாகாது என்றும் கட்டுப்பாடு விதித்தது. கடுமையான ஏகபோகம் என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் குப்பை குறைந்து, வாங்குவோரின் நம்பிக்கை திரும்பியது. 1985 செப்டம்பரில் வந்த சூப்பர் மேரியோ பிரதர்ஸ் மட்டும் 4 கோடிக்கு மேல் சென்றது. யந்திரத்தின் மொத்தக் கணக்கில் ஜப்பான் 1 கோடியே 93 லட்சம், அமெரிக்கக் கண்டங்கள் 3 கோடியே 40 லட்சம், ஏனைய தேசங்கள் அனைத்தும் சேர்ந்து 86 லட்சம். ஜப்பானில் உற்பத்தி 2003-ஆம் ஆண்டு வரை நீடித்தது.

‘ஏனைய தேசங்கள்’ என்னும் அந்த ஒற்றை வரிக்கு அப்பால்தான் இந்திய விருத்தாந்தம் தொடங்குகிறது. அமெரிக்கப் பெட்டிக்கு இட்ட பூட்டு, அதற்கு முன்பே வெளிவந்துவிட்ட ஜப்பானியப் பெட்டியில் இல்லை. ஆகவே அறுபது முள் கொண்ட ஜப்பானியக் கேசட்டை ஏற்கும் யந்திரத்தை நகல் செய்ய, சில்லுகளைப் பார்த்துச் செய்யும் திறமை ஒன்றே போதுமானதாயிருந்தது. அத்திறமை தைவானில் நிரம்ப இருந்தது. அங்கே யூ.எம்.சி. முதலிய நிறுவனங்கள் ரிக்கோ சில்லுகளுக்கு ஒப்பானவற்றைச் செய்து தள்ளின. நாளடைவில் எல்லாச் சில்லுகளும் ஒன்றாகச் சுருங்கி, பலகையின் நடுவில் கறுத்த பிசின் பொட்டு ஒன்றின்கீழ் அடங்கிவிடவே, நகலின் அடக்கவிலை அற்பமாயிற்று. ரஷ்யாவில் 1992 முதல் டெண்டி என்ற பெயரிலும், போலந்தில் பெகாசஸ் என்ற பெயரிலும், சீனத்தில் விசைப்பலகையோடு கூடிய கல்வி யந்திரமாகவும் இந்த நகல்கள் பரவி, அசல் போகாத இடங்களிலெல்லாம் அசலாகவே ஆயின.

இந்தியாவில் 1991-ஆம் ஆண்டுவரை வெளிநாட்டுச் சாமான்களின்மேல் சுங்கவரி மலைபோல் இருந்தது. சீர்திருத்தத்துக்குப் பின்னும் உச்சவரி 150 சதவீதத்தில்தான் வந்து நின்றது. இந்நிலையில் மின்னணுச் சாமான் வீட்டுக்கு வரும் வழிகள் இரண்டே: சென்னையில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழருக்காக 1969-இல் ஏற்பட்ட பர்மா பஜார் போன்ற அங்காடிகள் ஒன்று, வளைகுடா நாடுகளில் உழைப்போர் விடுமுறைக்கு வரும்போது கட்டிக்கொண்டு வரும் பெட்டி மற்றொன்று. தாமிரபரணியின் பாளையங்கால்வாய் பாயும் பகுதியில், நெசவும் பீடித்தொழிலும் செவ்வாய்க்கிழமை மாட்டுச்சந்தையும் கொண்டு பிழைத்துவந்த மேலப்பாளையம், தனி நகராட்சியாயிருந்து 1994-இல் திருநெல்வேலி மாநகராட்சியோடு இணைந்த ஊர். வளைகுடாப் பிழைப்பு அவ்வூர்க் குடும்பங்கள் பலவற்றின் வாழ்க்கையோடு பின்னிக்கிடப்பது. வாப்பாவோ மாமாவோ கொண்டுவரும் பெட்டியில் துணியும் அத்தரும் டேப் ரிக்கார்டரும் இருக்கும் இடத்தில் பிள்ளைகளுக்கென்று ஒரு டிவி கேமும் இடம்பெறுவது அக்காலத்துக்கு இயல்பாயிருந்தது. வாங்க வசதியற்றோருக்கு, டெக்கும் படக் கேசட்டும் வாடகைக்கு விடும் கடைகளே இதையும் மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டன. பெருநாள் காசு கைக்கு வந்த பிள்ளைகள் அவற்றைத் தேடிப்போனதில் வியப்பில்லை.

நகல் யந்திரத்தை இயக்குவது ஒரு சிறிய வித்தையாகவே இருந்தது. அக்காலத்து ஜப்பானியத் தொலைக்காட்சி முறை வேறு, நொடிக்கு 50 முறை திரையைப் புதுப்பிக்கும் நம்முடைய பால் முறை வேறு ஆதலால், இங்கே வந்த நகல்கள் அதற்கேற்பத் திருத்தப்பட்டிருந்தன. ஆன்டெனாக் கம்பியைக் கழற்றிவிட்டு யந்திரத்தின் கம்பியைச் செருகி, சேனல் திருகியைப் பொறுமையாகத் திருப்பிப் புள்ளிமழைக்கு நடுவில் படத்தைப் பிடிக்கவேண்டும். தூர்தர்ஷனையும், காற்று ஒத்துழைத்த இரவுகளில் இலங்கை ரூபவாகினியையும் பிடித்துப் பழகிய தென்கோடி மாவட்டத்தாருக்கு இது புதிதல்ல. கேசட் வேலை செய்யாவிட்டால் அதன் வாயில் ஊதித் திரும்பச் செருகுவது உலகப் பொதுவான சம்பிரதாயம். திரும்பச் செருகியதால் முள் சரியாக அமர்ந்ததேயன்றி ஊதியதால் பலனில்லை, எச்சில் ஈரம் முள்ளைத் துருப்பிடிக்கச் செய்ததுதான் மிச்சம் என்று அறிந்தோர் சொல்வர். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கேசட்டுகளைப்பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும். அசல் நிறுவனம் ஒரு கேசட்டில் ஒரு விளையாட்டை வைத்து விற்றபோது, நகல்காரர்கள் ஒன்றினுள் பலவற்றை அடைத்து, மேலட்டையில் 9999999 என்று அச்சிட்டார்கள். உள்ளே மெய்யாக இருப்பவை சில மட்டுமே. அவற்றையே கட்டம் மாற்றியும், தொடக்க ஆயுதத்தை மாற்றியும், உயிர்களைக் கூட்டியும் திரும்பத் திரும்பப் பட்டியலிட்டிருப்பார்கள். இந்தப் பித்தலாட்டத்தில் ஒரு நன்மையும் விளைந்தது. நாம்கோ நிறுவனம் 1985-இல் வெளியிட்ட பேட்டில் சிட்டி என்னும் டாங்கிச் சண்டையும், சர்க்கஸ் சார்லியின் ஃபேமிகாம் வடிவமும் ஜப்பானுக்கு வெளியே முறையாக விற்கப்பட்டவையல்ல. அமெரிக்கப் பிள்ளைகள் பலர் கண்டிராத அவற்றை நம் நாட்டுப் பிள்ளைகள் கண்ணைக் கட்டிக்கொண்டும் ஆடவல்லவராயினர். செங்கல் சுவர் சூழ்ந்த கழுகுச் சின்னத்தைக் காத்து, இருவர் ஒரு கட்சியாக நின்று 35 கட்டங்களைக் கடக்கும் அந்த டாங்கி விளையாட்டு, ஒரே வீட்டு அண்ணன் தம்பியரைச் சேர்த்துவைத்ததா, சண்டைமூட்டிவிட்டதா என்பது விவாதத்துக்குரியது. இருவர் சேர்ந்து ஓடிச் சுடும் கோனாமி நிறுவனத்தின் கன்ட்ராவுக்கு எட்டுக் கட்டம்; மேலிரண்டு, கீழிரண்டு என்று தொடங்கும் பொத்தான் வரிசையை அழுத்தினால் முப்பது உயிர் கிடைக்கும் என்னும் அசலின் ரகசியம், முப்பது உயிரை முன்கூட்டியே வைத்துவந்த நகல் கேசட்டுகளால் அனாவசியமாயிற்று. ஆட்டத்தைச் சேமித்துவைக்கும் வசதி இவற்றில் கிடையாது. கடைசிக் கட்டத்தில் நிற்கும்போது கரண்ட் போனால் எல்லாம் போனதுதான். 2008-க்குப் பிந்திய சில ஆண்டுகளில் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டின் கொடுமைகளை எழுதப் புகுவோர் இதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம்.

பெற்றோரின் ஆட்சேபத்தைக் கடக்க வியாபாரிகள் கண்ட உபாயம் விசைப்பலகை. நின்டெண்டோவே 1984-இல் பேசிக் மொழி பயிலும் விசைப்பலகையை ஜப்பானில் விற்றதுண்டு; நகல்காரர்கள் அதைப் பின்பற்றி, தட்டச்சுப் பாடமும் கணக்குப் பாடமும் சில விளையாட்டுகளும் சேர்த்து, கம்ப்யூட்டர் என்றே விற்றனர். பாடத்தைப் பிள்ளைகள் எவ்வளவு தூரம் தொட்டார்கள் என்பது வேறு விஷயம். இந்தியச் சந்தைகளில் ஏறக்குறைய 12 டாலருக்குக் கிடைத்த இத்தகைய யந்திரத்தைக் கண்ட டெரிக் லோமாஸ் என்னும் அமெரிக்கர், அசலின் காப்புரிமைக் காலமும் கடந்துவிட்டதை அறிந்து, ஏழைக் குழந்தைகளுக்கான கல்வி விளையாட்டுகளை இதற்கென ஆக்கும் பிளேபவர் என்ற முயற்சியை 2008-ஆம் ஆண்டுவாக்கில் தொடங்கினார். நகலை நிந்திக்காமல் அதன் மலிவையே மூலதனமாகக் கொண்ட விவேகமான யோசனை அது.

முன்வாசல் வழியே வந்த யந்திரங்களின் கதி வேறு. மதுபான வியாபாரத்தில் பேர்பெற்ற ஷா வாலஸ் நிறுவனம் 1995-இல் சேகா மெகா டிரைவை இந்தியாவில் விற்றது; 80 சதவீத இறக்குமதி வரியைத் தவிர்க்கச் செய்த ஏற்பாடு அது என்றபோதிலும் விலை 18,000 ரூபாய். மைக்ரோசாஃப்ட் 2006 செப்டம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360-ஐ 19,990 ரூபாயிலிருந்தும், சோனி 2007 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 3-ஐ 39,990 ரூபாய்க்கும் கொண்டுவந்தன. சில நூறு ரூபாய்க்கு டிவி கேம் கிடைத்த கடைவீதியில் இவ்விலைகள் வேறு உலகத்தைச் சேர்ந்தவை. சோனி மட்டும் நிலைமையைச் சற்று உணர்ந்து, பழைய பிளேஸ்டேஷன் 2-க்காக ஹைதராபாத்தின் அவுரோனா நிறுவனம் ஆக்கிய அனுமன் விளையாட்டை 2009-இல் வெளியிட்டது. முழுதும் இந்தியாவில் உருவான முதல் கன்சோல் விளையாட்டு அதுவே. அந்த யந்திரத்திலும் நகல் தட்டுகளே மிகுதியாக ஓடின என்பது ஊரறிந்த செய்தி.

நகல்களைப்பற்றி இருவித அபிப்பிராயம் உண்டு. ஆக்கியவருக்கு ஒரு பைசாவும் போகாத வியாபாரம் திருட்டே என்பது ஒன்று, அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அசலை விற்க யாரும் வராத சந்தையில் அசலின் லாபம் எவ்விதம் குறைந்தது என்று கேட்போரும் உளர். உண்மையில் நஷ்டப்பட்டவர்கள், சொந்தமாக விளையாட்டு ஆக்கி விற்க முற்பட்டிருக்கக்கூடிய உள்நாட்டு நிரலாளர்கள் என்றே கருதவேண்டியிருக்கிறது. நூறு விளையாட்டு ஒரே கேசட்டில் கிடைக்கும் இடத்தில் ஒரு விளையாட்டுக்கு விலை கேட்பது எங்ஙனம்?

2006 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கி, ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சி, டிவியே இல்லாதிருந்த வீடுகளிலும் திரையை வைத்தது. அதன்பின் திருவிழாக் கடைகளில் விற்ற மலிவான டிவி கேமுக்குச் சிறிதுகாலம் மறுவாழ்வு கிடைத்தது. பிறகு கைப்பேசி வந்தது. 2016-க்குப் பின் இணையமும் மலிந்தது. அதே 2016 நவம்பரில் நின்டெண்டோ தன் பழைய யந்திரத்தைக் கைக்கடக்கமான பெட்டியாக்கி, முப்பது விளையாட்டுகளை உள்ளேயே அடைத்து அமெரிக்காவில் 60 டாலருக்கு விற்க, சில மாதங்களுக்குள் 23 லட்சம் விற்றது. பல விளையாட்டுகளை ஒன்றில் அடைத்து விற்பதில் நகல்காரர்கள் அந்நிறுவனத்துக்குக் கால் நூற்றாண்டு மூத்தவர்கள். அவர்களும் ஓயவில்லை: அதே கறுத்த பொட்டுச் சில்லை உள்ளங்கையளவு பெட்டியில் சிறு திரையோடு பொருத்தி, 400 விளையாட்டு என்று மேலட்டையில் அச்சிட்டு, இணையக் கடைகளிலும் பொருட்காட்சிகளிலும் இன்றும் விற்றுவருகின்றனர்.