பிந்துனுவெவயும் ஒரு மாதக் கெடுவும்

பொலிஸாரின் அத்துமீறலுக்காக நகராட்சிகள் மேல் வழக்குத் தொடுக்கும் வழியை அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டின் மொனெல் தீர்ப்பு திறந்துவிட, அதே ஆண்டின் இலங்கை அரசியலமைப்பு, மாநகர சபையை அன்றி அரசையே பொறுப்பாக்கும் அடிப்படை உரிமை மனுவை, அதாவது பாதிக்கப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் நேரே உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் முறையீட்டை, 126ஆம் உறுப்புரையில் ஏற்படுத்தியது. கொழும்பில் அமரும் அந்நீதிமன்றத்தைப் பதுளைத் தோட்டங்களின் நாட்கூலித் தொழிலாளர் அக்கெடுவுக்குள் எட்டுவது மிகக் கடினம். பதுளை அடங்கும் ஊவா மாகாணத்தின் ஆறாத காயமோ பெரியது: 2000 ஒக்டோபர் 25 அன்று, பண்டாரவளைக்கு அருகிலுள்ள பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில், ஆயுதம் தாங்கிய பொலிஸார் நிற்கையிலேயே கும்பலொன்று தடுத்துவைக்கப்பட்டிருந்த தமிழர் 25 பேருக்கும் மேலானோரைக் கொன்றது. 2003இல் மூன்று நீதிபதிகள் கூடி விசாரிக்கும் மேல் நீதிமன்ற அமர்வு மரண தண்டனை விதித்த ஐவரில் இருவர் பொலிஸ் அதிகாரிகள். 2005இல் வந்த உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் அத்தண்டனை எவர் மேலும் நிலைக்கவில்லை.