ஒரு அலகு மின்சாரத்துக்கு எத்தனை லீற்றர் தண்ணீர்?

தீவகம் பற்றி எழுதும்போதெல்லாம் என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. சுற்றிவரக் கடலிருந்தும் நெடுந்தீவிலும் நயினாதீவிலும் ஏன் டீசல் எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள்? மலையகத்தைப் போலத் தண்ணீரில் எடுக்க முடியாதா?

நீர்மின்சாரத்துக்குத் தண்ணீரின் அளவு மட்டும் போதாது. அது எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்பதும் வேண்டும். எளிய கணக்கு ஒன்று: உற்பத்தியில் ஏற்படும் இழப்பையும் சேர்த்து, நான்கு லட்சத்தை விழும் உயரத்தின் மீற்றர் அளவால் வகுத்தால், 1 அலகுக்கு (1 கிலோவாற் மணி) தேவையான லீற்றர் ஏறத்தாழக் கிடைக்கும்.

2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாற் மேல் கொத்மலை நிலையத்தில் தண்ணீர் ஏறத்தாழ 470 மீற்றர் இறங்குகிறது. அங்கே ஓர் அலகுக்கு சுமார் 850 லீற்றர் போதும். 1985இல் திறக்கப்பட்ட 210 மெகாவாற் விக்டோரியாவில் உயரம் ஏறத்தாழ 190 மீற்றர். தேவை 2,100 லீற்றர். இந்தத் தண்ணீர் அழிந்துபோவதில்லை. மகாவலி நீர் அடுத்தடுத்த நிலையங்களிலும் சுழலியைச் சுற்றிவிட்டு வயலுக்குப் போகிறது.

நெடுந்தீவு தட்டையான நிலம். அங்கே 5 மீற்றர் உயரத்தில் ஒரு தொட்டி கட்டினாலும் ஓர் அலகுக்கு 80,000 லீற்றர் வேண்டும். நாளுக்கு 3 அலகு பாவிக்கும் ஒரு வீட்டுக்கு 2,40,000 லீற்றர், அதாவது 10,000 லீற்றர் பவுசர் 24. குடிக்கவே நல்ல தண்ணீர் தேடும் ஊரில் இது நடக்காது. கடல் அலையேற்றமும் உதவாது. பாக்குநீரிணைப் பக்கம் அது ஒரு மீற்றருக்கும் குறைவு.

மலையக மின்சாரம் ஒருகாலத்தில் யாழ்ப்பாணம் வரை வந்தது. 1990இல் போரோடு அது நின்றது. ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை நாங்கள். போருக்குப் பின் குடாநாடு தேசிய மின்வலையில் மீண்டும் இணைந்தது. ஆனால் கடல் நடுவே இருக்கும் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவை அதற்கு வெளியே நின்றன. அங்கே டீசலும் படகில்தான் போகவேண்டும். 1 லீற்றர் டீசலில் 3 முதல் 4 அலகுதான் கிடைக்கும். எண்ணெய் மின்சாரம் தண்ணீரை என்ன செய்யும் என்பதைச் சுன்னாகம் கிணறுகள் காட்டின. அந்த மாசுக்காக 2019இல் உயர் நீதிமன்றம் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

இம்மூன்று தீவுகளுக்குமான கலப்பு மின்திட்டம் 2021இல் முதலில் ஒரு சீன நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது, இந்தியா எதிர்த்தது. 2022இல் அது இந்திய உதவித் திட்டமாக மாறி, 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. இந்திய நன்கொடை 1.1 கோடி டொலர். திட்டத்தில் சூரிய மின்சாரம் 1,700 கிலோவாற், காற்று 530 கிலோவாற், 2,400 கிலோவாற் மணி மின்கலம், அவசரத்துக்கு டீசல். அணை தண்ணீரைத் தேக்கிவைத்துச் செய்கிற வேலையை இங்கே மின்கலம் செய்யும்.

கடல்நீரைக் குடிநீராக்க 1,000 லீற்றருக்கு 3 முதல் 4 அலகு செலவாகும். மலையகத்தில் 850 லீற்றர் தண்ணீர் ஓர் அலகு மின்சாரம் தருகிறது. தீவிலோ ஓர் அலகு மின்சாரம் சுமார் 300 லீற்றர் குடிநீர் தரும். ஆகவே தீவுகளுக்கு எத்தனை அலகு மின்சாரம் வேண்டும் என்று கணக்கிடுபவர்கள் விளக்கையும் விசிறியையும் மட்டும் எண்ணினால் போதாது. குடத்தையும் சேர்த்து எண்ணவேண்டும்.