கருப்பை நோயும் படைப்பணியும்

நெய்வேலி நகரியத்தில் எனக்குப் பழக்கமான முன்னாள் படைவீரர்கள், ஊன ஓய்வூதியம் என்றதும் குண்டுக் காயத்தையும் முதுகுத்தண்டுப் பாதிப்பையுமே குறிப்பிடுவர். கருப்பை நோய்கள் அப்பேச்சில் இடம்பெறுவதில்லை.

மருத்துவம் சாராத பிரிவுகளிலும் 1992 முதல் பெண்கள் ராணுவ அதிகாரிகளாகப் பணியாற்றுகின்றனர். 2020 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அவர்களது நிரந்தரப் பணி உரிமையை உறுதிசெய்தது. பணிக்காலம் நீளும்போது, எண்டோமெட்ரியோசிஸ், கருப்பைக் கட்டி, கருப்பை இறக்கம் போன்றவை பணியின்போதே தோன்றக்கூடும்.

ஊன ஓய்வூதியம் பெற, நோய் படைப்பணியால் விளைந்ததாகவோ தீவிரமடைந்ததாகவோ இருக்க வேண்டும். பாதிப்பு பொதுவாக 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. பணியில் சேர்ந்தபோது பதிவாகாத நோய், பின்னர் தோன்றினால் பணியால் வந்ததாகவே கருதப்பட வேண்டும் என்று தரம்வீர் சிங் வழக்கில் 2013-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-இல் விதிகள் புதுப்பிக்கப்பட்ட நிலையில், பணிக்கால மருத்துவப் பதிவு மேலும் முக்கியத்துவம் பெறுகிறது.

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. பதவி உயர்வுக்கு ஊறு நேருமோ என அஞ்சி வலியை மறைப்பவருக்குப் பதிவு இராது. பதிவின்றிக் கோரிக்கையை நிறுவுவது கடினம். எனவே, முதல் அறிகுறியிலேயே ராணுவ மருத்துவரிடம் தெரிவித்துப் பதிவு பெறுவது அவசியம். கோரிக்கை மறுக்கப்பட்டால் துறைசார் மேல்முறையீடும், பின்னர் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வும் உள்ளன. கடலூரிலுள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை நெய்வேலிவாசிகள் அணுகலாம்.

அமெரிக்காவில் மகளிர் நோய்களுக்கெனத் தனி மதிப்பீட்டு அட்டவணை உண்டு. எண்டோமெட்ரியோசிஸுக்கு 10, 30, 50 சதவீதம் என்ற படிநிலைகள் வகுக்கப்பட்டுள்ளன. பெண்களைப் படையில் சேர்த்த நாடு, அவர்களது உடலையும் கணக்கில் கொள்ள வேண்டும்.