23 நிமிஷப் பாட்டை ஏன் ஸ்கிப் பண்ணாம கேட்கிறாங்க? புரோகிரஸிவ் ராக் ரசிகர்களின் உலகம்!

பாட்டு ஆரம்பிச்சு கிட்டத்தட்ட 3 நிமிஷம் கழிச்சுத்தான் முதல் குரலே வருது. நடுவில் மெட்டு காணாமல் போய், காற்றுச் சத்தமும் காக்கை கத்துற மாதிரியான சத்தமும் மட்டும் கொஞ்ச நேரம் ஓடுது. அப்புறம் மெதுவாகப் பழைய மெட்டு திரும்பி வருது. மொத்தம் 23 நிமிஷத்துக்கும் மேல். 1971-ல் வெளியான 'மெடில்' ஆல்பத்தில் பிங்க் ஃபிளாய்ட் குழு தந்த 'எக்கோஸ்' பாட்டு இது. சேத்தியாத்தோப்பில் சிதம்பரம் பஸ் ஏறி, ஹெட்போனில் இதைப் போட்டுவிட்டால், புவனகிரி பக்கம் போகும்வரை உங்களுக்கு ஒரே பாட்டுதான்.

30 செகண்ட் ரீல்ஸையே பாதியில் தள்ளிவிடும் காலத்தில் இதை யார் கேட்பாங்கன்னு தோணுதா? உலகம் முழுக்க கேட்கிறாங்க. இந்த வகை இசைக்குப் பெயர் புரோகிரஸிவ் ராக். ரசிகர்கள் செல்லமாக 'ப்ராக்' என்பார்கள்.

"அதெல்லாம் இங்கிலீஷ் மீடியம் பசங்க, சிட்டி பசங்க கேட்கிறது" என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. உண்மையில், கோயில் திருவிழாவில் நாகஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்த காதுக்கு, இந்த இசையைப் பிடித்துக்கொள்ளத் தேவையான பயிற்சியில் பாதி ஏற்கெனவே முடிந்துவிட்டது. எப்படின்னு பார்க்கலாம்.

முதலில், இது என்ன?

1960-களின் கடைசியில் இங்கிலாந்தில் சில ராக் குழுக்களுக்கு, 3 நிமிஷப் பாட்டு போதவில்லை. பல்லவி, சரணம், மறுபடி பல்லவி என்ற அமைப்பை உடைத்து, மேற்கத்திய சாஸ்திரிய இசை, ஜாஸ், நாட்டுப்புற இசை எல்லாவற்றையும் ராக்குக்குள் கொண்டுவந்தார்கள். 1969 அக்டோபரில் கிங் கிரிம்ஸன் குழுவின் 'இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்ஸன் கிங்' ஆல்பம் வந்தது. இந்த வகையின் தொடக்கப் புள்ளியாகப் பலரும் காட்டுவது அதைத்தான்.

1972-ல் மட்டும் யெஸ் குழுவின் 18 நிமிஷ 'க்ளோஸ் டு தி எட்ஜ்', ஜெனிசிஸ் குழுவின் 23 நிமிஷ 'சப்பர்ஸ் ரெடி', ஜெத்ரோ டல் குழுவின் 'திக் ஆஸ் எ ப்ரிக்' மூன்றும் வந்தன. கடைசியாகச் சொன்னது, ஆல்பம் முழுக்க ஒரே பாட்டு. இசைத்தட்டைத் திருப்பிப் போட மட்டும்தான் நடுவில் ஓர் இடைவெளி.

ரசிகர்கள் விழுவது எங்கே?

1. கணக்கு

நாம் தினமும் கேட்கும் பெரும்பாலான பாட்டுகளுக்குத் தொடையில் தட்டினால் 4 அல்லது 8-ல் வந்து நிற்கும். பிங்க் ஃபிளாய்டின் 'மனி' (1973) பாட்டுக்கு அப்படித் தட்டினால் கை தடுமாறும். ஏன்னா அது 7. சில்லறை விழும் சத்தம், கல்லாப்பெட்டி சத்தம் எல்லாவற்றையும் டேப்பில் ஒட்டி, அதையே 7 அடித் தாளமாக மாற்றியிருப்பார்கள்.

இப்போ 'தகிட தகதிமி' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அந்தப் பாட்டைக் கேளுங்க. 3-ம் 4-ம் சேர்ந்தால் 7. சரியாக உட்காரும். நம் ஊரில் இதற்கு மிஸ்ர சாபு என்று பெயர். பாட்டின் நடுவில் கிடார் தனியாக வரும் இடத்தில் தாளம் சட்டென்று 4-க்கு மாறும். இறுக்கிப் பிடித்த கயிற்றைத் தளர்த்தின மாதிரி ஒரு விடுதலை. அந்த ஒரு நொடிக்காகவே ரசிகர்கள் இந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

5-ல் வேணுமா? ஜெத்ரோ டல் குழுவின் 'லிவிங் இன் தி பாஸ்ட்' (1969) கேளுங்க. 'தக தகிட' சொன்னால் போதும். அந்தக் குழுவின் இயன் ஆண்டர்சன் ஒற்றைக் காலில் நின்றபடி புல்லாங்குழல் வாசிப்பதற்குப் பேர்போனவர். நடராஜர் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு அந்தப் போஸ் ஒன்றும் புதுசு இல்லை!

2. காத்திருப்பும் திரும்பி வருவதும்

நீளமான பாட்டு என்றால் இழுவை என்று அர்த்தம் இல்லை. முதலில் ஒரு சின்ன மெட்டைக் காட்டுவார்கள். அதை விட்டுவிட்டு எங்கெங்கோ போவார்கள். 15 நிமிஷம் கழித்து, நீங்கள் மறந்தே போன அந்த மெட்டு பெரிய உருவம் எடுத்துத் திரும்பி வரும். முதல் நிமிஷத்திலிருந்து கூடவே இருந்தவருக்குத்தான் அந்த இடம் சிலிர்க்கும். நடுவில் தள்ளிக் கேட்டவருக்கு அது வெறும் சத்தம்.

3. ஆல்பமே ஒரு கதை

'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973) ஆல்பத்தில் நேரம், பணம், மரணம், மனநிலை தடுமாறுவது என்று ஒவ்வொரு பாட்டும் ஒரு பாரத்தைத் தொடும். ஒன்றின் முடிவு அடுத்ததின் தொடக்கத்தில் கரையும். அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் 1973-க்கும் 1988-க்கும் இடையில் மொத்தம் 741 வாரங்கள் அது இருந்தது. ரசிகர்களுக்குப் பொறுமை இல்லை என்ற வாதத்துக்கு இதைவிடப் பெரிய பதில் தேவையில்லை.

4. சத்தத்தின் நுணுக்கம்

1975-ல் வந்த 'வெல்கம் டு தி மெஷின்' பாட்டு இயந்திர இரைச்சலில்தான் தொடங்கும். நெய்வேலி சுரங்கத்து கன்வேயர் பெல்ட் ஓடுவதைப் பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்கு, அந்த இரைச்சல் பாட்டாக மாறுவது தனி அனுபவம். நல்ல ஹெட்போனில் கேட்டால் இடது காதிலிருந்து வலது காதுக்குச் சத்தம் நகர்வது தெரியும்.

5. பிடிவாதம்

கனடாவின் ரஷ் குழுவின் மூன்றாவது ஆல்பம் சரியாகப் போகவில்லை. சின்னச் சின்னப் பாட்டாகப் போடுங்கள் என்று கம்பெனி நெருக்கியது. மூவரும் செய்தது நேர் எதிர். 1976-ல் '2112' ஆல்பத்தின் ஒரு பக்கம் முழுவதையும் 20 நிமிஷப் பாட்டு ஒன்றுக்கே கொடுத்தார்கள். அது ஓடியது. அவர்கள் வாழ்க்கை அதன் பிறகு மாறியது. ப்ராக் ரசிகர்கள் சொல்லிச் சொல்லி மகிழும் கதை இது.

நம் காதுக்கு இது ஏன் பழக்கம்?

சாமி புறப்பாட்டின்போது நாகஸ்வரத்தில் வாசிக்கும் மல்லாரியை நினைத்துப் பாருங்க. கம்பீர நாட்டை ராகம். சாகித்யம், அதாவது வரிகள், கிடையாது. ஒரே உருப்படியை மெதுவாக, வேகமாக, இன்னும் வேகமாக என்று மூன்று காலத்தில் வாசிப்பார்கள். தேருக்கு ஒரு மல்லாரி, தளிகைக்கு ஒரு மல்லாரி, தீர்த்தத்துக்கு ஒரு மல்லாரி என்று வகை உண்டு. சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் தேர் பார்க்கப் போனவர்கள், வார்த்தையே இல்லாத இசையை நின்று கேட்டவர்கள்தான். தவில்காரர் 5-லும் 7-லும் சுற்றிவிட்டுச் சரியான இடத்தில் வந்து இறங்கும்போது தலையாட்டியவர்கள்தான்.

ஒரு வித்தியாசம் உண்டு. கச்சேரியில் தனி ஆவர்த்தனம் அந்த நேரத்துக் கற்பனை. ப்ராக் பெரும்பாலும் முன்கூட்டியே எழுதி, ஒத்திகை பார்த்து வாசிப்பது. அதனால்தான் ரசிகர்கள் டிரம்ஸ் அடியைக்கூட மனப்பாடமாக வைத்து, காற்றில் கையை வீசி அடித்துக்கொண்டிருப்பார்கள். வீட்டில் பார்ப்பவர்கள் "என்னடா ஆச்சு இவனுக்கு?" என்று கேட்பதும் அதனால்தான்.

இங்கிருந்து போனதும், இங்கேயே முளைத்ததும்

இங்கிலாந்து கிடார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், 1971-ல் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கி ஜாஸையும் ராக்கையும் சிக்கலான தாளங்களில் கலந்தவர். அடுத்து அவர் அமைத்த 'சக்தி' குழுவில் வயலின் எல்.சங்கர், கடம் டி.எச்.விநாயக்ராம், தபேலா ஜாகிர் உசேன். நம் கொன்னக்கோல் கணக்கு உலக மேடைக்குப் போனதில் இந்தக் குழுவுக்குப் பெரிய பங்கு உண்டு. பல வருடம் கழித்து மீண்டும் சேர்ந்து, விநாயக்ராமின் மகன் செல்வகணேஷும் வாசித்த 'திஸ் மொமென்ட்' ஆல்பம் 2024-ல் கிராமி வாங்கியது.

1986-ல் இளையராஜா 'ஹவ் டு நேம் இட்' வெளியிட்டார். சினிமா இல்லை, பாடல் வரி இல்லை. தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம். வயலின், வி.எஸ்.நரசிம்மன். இது ராக் அல்ல. ஆனால் ஒரு மெட்டை எங்கெல்லாம் கொண்டுபோகலாம் என்று பார்க்கும் அதே துணிச்சல் இதில் இருக்கிறது.

கொச்சியின் மதர்ஜேன் குழு 2008-ல் 'மக்தூப்' ஆல்பம் தந்தது. அதில் பைஜு தர்மஜனின் கிடார் கர்னாடக கமகத்தோடு வளையும். பெங்களூரைச் சேர்ந்த 'அகம்' குழு தன் இசையைக் கர்னாடக புரோகிரஸிவ் ராக் என்றே சொல்கிறது. பாடகர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் உட்பட அந்தக் குழுவினர் டெக் வேலையையும் இசையையும் சேர்த்தே நடத்தியவர்கள். 2012-ல் 'தி இன்னர் செல்ஃப் அவேகன்ஸ்', 2017-ல் 'எ டிரீம் டு ரிமெம்பர்' என்று இரண்டு ஆல்பங்களுக்கு நடுவே 5 வருடம். வேகமாகப் போட்டுத் தள்ளும் வகை இசை இல்லை இது.

திட்டுபவர்களும் உண்டு

"பெருமைக்கு வாசிக்கிறாங்க, உணர்ச்சியே இல்லை" என்பது பழைய குற்றச்சாட்டு. 1970-களின் நடுவில் பங்க் ராக் இளைஞர்கள் இதற்கு எதிராகத்தான் 2 நிமிஷப் பாட்டோடு கிளம்பினார்கள். செக்ஸ் பிஸ்டல்ஸ் பாடகர் ஜானி ராட்டன், பிங்க் ஃபிளாய்டை வெறுக்கிறேன் என்று எழுதிய டி-ஷர்ட்டோடு திரிந்தார். குற்றச்சாட்டில் கொஞ்சம் நியாயமும் உண்டு. கணக்கு மட்டும் இருந்து பாட்டு இல்லாத ப்ராக் நிறையவே இருக்கு. அதைக் கேட்டு "எனக்குப் புரியலையோ" என்று கூச்சப்பட வேண்டாம். போரடித்தால் அடுத்ததுக்குப் போங்க.

எங்கே ஆரம்பிக்கலாம்?

* முதல் நாள்: அகம் குழுவின் 'மிஸ்ட் ஆஃப் கேப்ரிகார்ன்'. இது தியாகராஜரின் 'மனவ்யாலகிஞ்சரா' கீர்த்தனை, நளினகாந்தி ராகம். 'கலைஞன்' படத்தின் 'எந்தன் நெஞ்சில்' பாட்டும் இதே ராகம்தான் என்பதால், காதுக்கு உடனே பிடிபடும்.
* இரண்டாம் நாள்: 'மனி'. 'தகிட தகதிமி' மறக்க வேண்டாம்.
* மூன்றாம் நாள்: 'ஹவ் டு நேம் இட்' முழு ஆல்பம்.
* வார இறுதி: 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' முழுசாக. சுமார் 43 நிமிஷம்.
* தைரியம் வந்த பிறகு: 'எக்கோஸ்', '2112', 'க்ளோஸ் டு தி எட்ஜ்'.

ஷஃபிளை ஆஃப் பண்ணிடுங்க, இல்லைன்னா ஆல்பத்தின் வரிசை குலைந்துபோகும். நோட்டிஃபிகேஷனை நிறுத்துங்க. பைக் ஓட்டும்போது ஹெட்போன் வேண்டவே வேண்டாம். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் அதுதான் சரியான இடம். வரிகள் புரியலையா? முதல் தடவை விட்டுடுங்க. மல்லாரிக்கும் வரி கிடையாதே! இரண்டாவது தடவை வரிகளைத் திரையில் வைத்துப் படித்துக்கொண்டே கேளுங்க.

ஒரு பாட்டுக்கு இரண்டு வாய்ப்பு கொடுங்க. முதல் தடவை நீளம் மட்டும்தான் தெரியும். இரண்டாவது தடவை, எங்கே திரும்பி வருதுன்னு நீங்களே காத்திருக்க ஆரம்பிச்சிடுவீங்க.