தகுதியும் ஆற்றலும்

சட்ட நூல்களைத் தமிழாக்கப் புகுவோரை இடர்ப்படுத்தும் சொற்களுள் ஒன்று, ஆங்கிலத்தில் 'கொம்பிற்றன்ஸ்' என வழங்குவது. வழக்கொன்றை விசாரிக்க நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரத்தையும் அது குறிக்கும். உறுதியொன்றை முடிக்க ஒருவருக்குள்ள வல்லமையையும் அது குறிக்கும். பிரெஞ்சு மொழியினர் இவ்விரண்டுக்கும் வெவ்வேறு சொற்களை ஆள்வர். ஜெருமானியரோ பின்னதையே மேலும் இரண்டாகப் பகுத்தனர். 1900ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அவர்களது குடியியற் சட்டத் தொகையின்படி, பிறந்த குழந்தைக்கும் உரிமை தாங்கும் ஆற்றல் உண்டு. ஆயின் ஏழு வயது நிரம்பும்வரை செயல் முடிக்கும் ஆற்றல் இல்லை. வீடு அக்குழந்தையுடையதாகலாம், அதனை விற்றல் அதற்கு இயலாது. நாமோ இவை யாவற்றையும் 'தகுதி' என்ற ஒரே சொல்லுள் அடக்கிவிடுகின்றோம்.

இதனால் விளையும் மயக்கத்தை யான் உணர்ந்தது யாழ்ப்பாணத்திலேதான். எங்கள் பாடசாலையின் விளையாட்டிடத்துக்கு அம்மையார் ஒருவர் தம் சீதனக் காணியில் ஒரு துண்டை நன்கொடையாக ஈய முன்வந்தார். கணவர் கடல்கடந்து சென்று பல்லாண்டுகளாகிவிட்டன, இருப்பிடமும் தெரியாது. உறுதி எழுத அவருக்குத் 'தகுதியில்லை' என நொத்தாரிசர் கூறியதை யானும் அவ்வாறே சொல்லிவைத்தேன். "காணி என்ர பேரிலதானே ஐயா இருக்கு, எனக்கென்ன தகுதிக் குறைச்சல்?" என்று அவர் கேட்டபோது எனக்கு நாக்கூசிற்று. தனித்து நின்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர் அவர்.

ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்தளித்த தேசவழமை, மனைவியின் சீதனத்தை அவளது சொத்தாகவே கொண்டது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டமும் அவ்வுடைமையை மறுக்கவில்லை. அசையும் பொருளை அவள் தன் விருப்பப்படி கையாளலாம்; அசையாச் சொத்தை விற்கவோ நன்கொடையாக ஈயவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என அது விதித்தது. இன்னொரு விந்தையும் உண்டு. மரண சாசனத்தால் அதே காணியை யாருக்கும் அவள் விட்டுச்செல்லலாம். அதற்குக் கணவனின் சம்மதம் வேண்டுவதில்லை! உயிரோடிருக்கையில் ஒரு பரப்பையும் தானாகக் கொடுக்க இயலாதவள், இறப்பின் பின் முழுவதையும் கொடுக்க வல்லவளாகின்றாள். 1923ஆம் ஆண்டின் மணமான பெண்களின் ஆதனச் சட்டம், பொதுச் சட்டத்துக்கு உட்பட்ட மனைவியரை இத்தகைய கட்டினின்றும் விடுவித்தபோதும், தேசவழமைக்கு உட்பட்டோரைப் புறத்தே நிறுத்திற்று. ஒரே தீவில், ஒரே ஆண்டில், அடுத்தடுத்த வீட்டுப் பெண்கள் இருவருக்கு இருவேறு ஆற்றல்.

குறை அம்மையாரிடத்தில் இல்லை. சட்டம் அவர் கையைப் பிடித்து வைத்திருந்தது, அவ்வளவே. 'தகுதியில்லை' என்பதற்குப் பதிலாகத் 'தனித்து முடிக்கும் ஆற்றலைச் சட்டம் தரவில்லை' என்று சொல்லியிருப்பேனாயின் அவர் புண்பட்டிரார். கணவனின் இருப்பிடம் அறியப்படாதவிடத்து, அச்சம்மதமின்றியே செயற்பட மாவட்ட நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்ற வழியும் 1911ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. அவ்வாறே மனுச் செய்து, அனுமதி பெற்று, உறுதியை முடித்துத் தந்தார். ஒப்பமிட்டபின் என்னை நோக்கி, "இப்ப தகுதி வந்திட்டுதோ, ஐயா?" என்றார்.