வார்ப்புருவும் மனிதனும்: ஆங்கிலப் புனைவிலக்கியத்தில் யூத மாந்தர்

ஒரு சமுதாயம் தன் நடுவே இல்லாத மக்களைப் பற்றியும் உறுதியான கருத்துக் கொண்டிருத்தல் கூடும் என்பதற்கு ஆங்கில இலக்கிய வரலாறு தக்க சான்றாகும். 1290 ஆம் ஆண்டில் முதலாம் எட்வேட் மன்னன் யூதர் அனைவரையும் இங்கிலாந்திலிருந்து வெளியேற்றினான். குறொம்வெல்லின் ஆட்சிக் காலத்தில், 1656 ஆம் ஆண்டளவிலேயே அவர்கள் மீண்டும் அங்கு வாழ இடம் கிடைத்தது. இவ்விடைக் காலத்தில், பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில், மார்லோவின் ‘மோல்ற்றா யூதன்’, சேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வர்த்தகன்’ ஆகிய நாடகங்கள் தோன்றின. அவற்றை அரங்கிற் கண்ட இலண்டன் மக்களுட் பெரும்பாலார் யூதர் ஒருவரோடு அறிந்து பழகியவரல்லர். மனிதன் வருமுன்னரே அவனது வார்ப்புரு வந்து நிலைத்துவிட்டது.

இவ்வார்ப்புரு வெறும் கற்பனையில் முளைத்ததன்று. மத்திய கால ஐரோப்பாவில் நிலவுடைமையும் கைவினைச் சங்கங்களும் யூதருக்குப் பெரும்பாலும் மறுக்கப்பட்டன. கிறித்தவர் வட்டி வாங்குவதைத் திருச்சபை தடைசெய்திருந்தது. எனவே கடன் கொடுக்கும் தொழில் யூதருட் பலருக்கு எஞ்சிய வழியாயிற்று. தானே ஒரு மக்கட்கூட்டத்தை ஒரு தொழிலுக்குள் தள்ளிவிட்டு, பின்னர் அத்தொழிலை அம்மக்களின் இயல்பென்று சொல்வது ஆதிக்கச் சமுதாயங்களின் வழக்கம். ஷைலொக் தன் பக்க நியாயத்தை உரைக்கச் சேக்ஸ்பியர் இடமளித்தார் என்பது உண்மையே. ஆயினும் நாடக முடிவில் அவன் மதம் மாறுமாறு கட்டாயப்படுத்தப்படுகிறான். அது அந்நாடகத்தின் இன்பமான முடிவின் ஒரு கூறாகவே அமைகின்றது.

இத்தகைய வார்ப்புருவை மாற்ற முனைந்தோர் முதலிற் கையாண்ட வழி, தீமைக்குப் பதிலாக நன்மையை வைப்பதாகும். ஜேர்மனியில் லெசிங் 1749 இல் எழுதிய ‘யூதர்’ என்னும் நாடகத்தில், கள்வரிடமிருந்து பிரபு ஒருவரைக் காப்பாற்றும் உத்தமன் தான் ஒரு யூதன் என்பதை இறுதியில் வெளிப்படுத்துகிறான். கள்வரோ பொய்த்தாடி கட்டி யூதர்போல் வேடமிட்ட கிறித்தவர்கள். இந்நாடகத்தை விமர்சித்த அறிஞர் மிகாயலிஸ், இத்துணை உயர்ந்த யூதன் ஒருவன் இருத்தல் நம்பத்தக்கதன்று என்றார். லெசிங் தம் மறுமொழியுடன் யூத மெய்யியலாளரான மோசஸ் மெண்டல்சோனின் கடிதம் ஒன்றையும் அச்சிட்டார். புனைவில் வார்ப்புருவின் தலைகீழாக்கம் அருகிக் காணப்படுவதற்கான காரணம் இவ்விவாதத்தில் தெளிவாகின்றது. நம்பகத்தன்மை என்னும் அளவுகோல் வாழ்விலிருந்து எடுக்கப்படுவதாகத் தோன்றினும், பல வேளைகளில் அது பழைய வார்ப்புருவிலிருந்தே எடுக்கப்படுகின்றது.

இங்கிலாந்தில் 1794 இல் மேடையேறிய றிச்சார்ட் கம்பர்லாந்தின் ‘யூதன்’ நாடகம் இவ்வழியையே பின்பற்றியது. அதில் வரும் ஷேவா கஞ்சனென்று பிறரால் இகழப்படுபவன். மறைவிலோ தான் பட்டினி கிடந்து பிறருக்கு வாரி வழங்குபவன். கருணையுள்ள இப்பாத்திரம் வரவேற்கப்பட்டது. எனினும் ஷேவா கொடுப்பதற்காகவே படைக்கப்பட்டவன். அவனுக்கென்று ஆசையுமில்லை, சினமுமில்லை. ஷைலொக்கை உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பினால் ஷேவா கிடைப்பான், மனிதன் கிடைக்கமாட்டான்.

அடுத்த கட்டத்தில் மாற்றத்துக்குத் தூண்டுகோலாயிருந்தோர் வாசகரே. மரியா எட்ஜ்வேர்த் 1812 இல் வெளியிட்ட ‘அப்சென்ரீ’ என்னும் நாவலில் மோர்டிகாய் என்னும் பெயருடைய கொடிய வண்டி உற்பத்தியாளன் ஒருவன் வருகின்றான். அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆசிரியையாயிருந்த றேச்சல் மோர்டெக்காய் 1815 இல் எட்ஜ்வேர்த்துக்குக் கடிதம் எழுதினார். தம் குடும்பப் பெயரையே ஏறக்குறைய ஒத்த பெயருடன் ஒரு கயவனைச் சந்தித்த அவ்வாசகி, நல்லறிவு புகட்டும் நூல்களை இயற்றிய ஒருவர் இவ்வாறு எழுதலாமோ என்று மரியாதையுடன் வினவினார். அதன் விளைவாக 1817 இல் ‘ஹரிங்ரன்’ வெளிவந்தது. சிறுவயதில் வேலைக்காரி சொன்ன அச்சக் கதைகளால் யூதரை வெறுக்கப் பழகிய ஒருவன் அவ்வெறுப்பிலிருந்து விடுபடுவதே அதன் கதை. தப்பெண்ணம் பிறப்பில் வருவதன்று, கற்பிக்கப்படுவது என அந்நாவல் காட்டியது. ஆனால் நாயகன் காதலிக்கும் பெரனிஸ் யூதப் பெண்ணல்லள், கிறித்தவளாக வளர்க்கப்பட்டவள் என்பது இறுதியில் வெளிப்பட, திருமணத்துக்கான தடை நீங்குகின்றது. இம்முடிவு தமக்கு ஏமாற்றமளித்ததை றேச்சல் மறைக்கவில்லை.

ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின் இதையொத்த நிகழ்ச்சியொன்று நடந்தது. 1837 முதல் 1839 வரை தொடராக வந்த ‘ஒலிவர் ருவிஸ்ற்’ நாவலில், சிறுவரைத் திருடப் பழக்கும் பேகினைச் சார்ள்ஸ் டிக்கன்ஸ் நூற்றுக்கணக்கான இடங்களில் ‘யூதன்’ என்றே சுட்டியிருந்தார். 1863 இல் எலைசா டேவிஸ் என்னும் யூதப் பெண்மணி இதனால் நேர்ந்த தீங்கை அவருக்கு எழுதினார். அக்காலத்து அத்தகைய குற்றவாளிகள் பெரும்பாலும் யூதரே என்றும், நாவலின் ஏனைய தீயோர் கிறித்தவரே என்றும் டிக்கன்ஸ் மறுமொழி கூறினார். டேவிஸ் விடவில்லை. தீய கிறித்தவருக்கு அருகே நல்ல கிறித்தவர் நிற்கின்றனர், பேகினோ தனியே நிற்கின்றான் என்பது அவர் வாதத்தின் சாரம். திறனாய்வு நூல்கள் பலவற்றினும் மேலான கருத்து இதுவெனலாம். பெரும்பான்மையைச் சேர்ந்த தீயவன் ஒரு தனிமனிதன். சிறுபான்மையைச் சேர்ந்த தீயவனோ தன் இனத்தின் பிரதிநிதியாகிவிடுகின்றான்.

1864–65 இல் வெளிவந்த ‘அவர் மியூச்சுவல் பிரெண்ட்’ நாவலில் டிக்கன்ஸ் ரியா என்னும் யூத முதியவரைப் படைத்தார். 1867 ஆம் ஆண்டுப் பதிப்பில், பேகினைக் குறித்த ‘யூதன்’ என்னும் சொல்லைப் பிற்பகுதி அதிகாரங்களிற் பல இடங்களில் நீக்கினார். ரியா மிகவும் நல்லவர். அவ்வளவில் ஷேவாவின் வழித்தோன்றலே. எனினும் அவரைச் சுற்றி அமைந்த கதைப்பின்னல் புதியது. வட்டிக்கடையின் உண்மை முதலாளி பிளெட்ஜ்பி என்னும் கிறித்தவ இளைஞன். ஈவிரக்கமற்ற கடன்காரன் யூதனாகத்தான் இருப்பான் என்னும் ஊராரின் நம்பிக்கையை முகமூடியாக்கி, ரியாவை முன்னிறுத்தி, அவன் பொருள் சேர்க்கின்றான். வார்ப்புருவே இங்கு மூலதனமாகின்றது. தாம் அப்பணியில் நிற்பது தம் மக்கள் அனைவருக்கும் பழி தேடுவதாகும் என உணர்ந்து ரியா அதிலிருந்து விலகுகின்றார்.

1876 இல் ஜோர்ஜ் எலியற் எழுதிய ‘டானியல் டெரொண்டா’ இவ்வரலாற்றிற் பெரியதொரு பாய்ச்சல். தலைமைப் பாத்திரமான டெரொண்டா குறையற்ற இலட்சிய உருவே. ஆனால் அவனுடைய தாய் அத்தகையவளல்லள். தந்தை விதித்த சமயக் கட்டுப்பாட்டை வெறுத்து, இசையரங்கின் புகழை நாடி, மகனை ஆங்கிலப் பிரபுவாக வளரவிட்டவள் அவள். அதற்காக அவள் மனம் வருந்தி மன்னிப்புக் கோரவுமில்லை. நல்லவள், தீயவள் என்னும் இரு பெட்டிகளுள் எதிலும் அடங்காத அப்பெண், ஆங்கில நாவலில் அதற்குமுன் அரிதாகக் காணப்பட்ட யூதப் பாத்திரமாவாள்.

இதனோடும் மனநிறைவு கொள்ளாதவர் எமி லீவி. இலண்டன் யூதக் குடும்பத்தில் 1861 இல் பிறந்து கேம்பிரிட்ஜில் கற்ற அவர், புனைகதையில் யூதர் பற்றி 1886 இல் எழுதிய கட்டுரையிலே, சமகால யூத வாழ்வின் சிக்கலை இதுவரை எவரும் உண்மையாகச் சித்திரிக்கவில்லை என்றார். 1888 இல் அவரது ‘றூபன் சாக்ஸ்’ வெளிவந்தது. அரசியல் ஏற்றம் விரும்பித் தான் நேசித்த பெண்ணைக் கைவிடும் இளைஞன் ஒருவனின் கதை அது. அவன் கயவனுமல்லன், மகானுமல்லன். இந்நாவலை யூதப் பத்திரிகைகளே கண்டித்தன. அக்கண்டனத்தை வெறும் குறுகிய நோக்கமென்று தள்ளிவிடல் எளிது. ஆயின் பேகின் தனியே நின்ற நாட்டிலே ஒவ்வொரு குறையும் சாட்சியமாக எடுத்தாளப்படும் என்னும் அச்சத்துக்கு நியாயமான காரணம் இருந்தது. லீவி அடுத்த ஆண்டே காலமானார்.

ஷைலொக்கிலிருந்து றூபன் சாக்ஸ் வரையான மூன்று நூற்றாண்டுகளை ஒருங்கு நோக்குமிடத்து, கொடியவன் உத்தமனாவது வார்ப்புருவின் முழுமையான தலைகீழாக்கம் அன்றென்பது புலனாகும். உத்தமனாயிருந்தாலன்றி மதிப்பில்லை என்பதும் ஒருவகை அடக்குமுறையே. சிறுமையும் ஆசையும் தடுமாற்றமும் உடையவனாயிருந்தும், தன் இனத்துக்காகக் குற்றவாளிக் கூண்டில் ஏறாது, தன் பெயரால் மட்டுமே ஒருவன் மதிப்பிடப்படும் நிலையே அம்முழுமை. அந்நிலையை எழுத்தாளரின் நல்லெண்ணம் தனித்து உண்டாக்கிவிடவில்லை. ‘இது நானல்ல’ என்று எழுதத் துணிந்த இரு வாசகியரின் கடிதங்களும், தன்னவரின் கண்டனத்தைத் தாங்கிய ஓர் இளம்பெண்ணின் பேனாவும் அதற்கு வேண்டியிருந்தன.