தெஹிவளையின் இன்னொரு முகவரி

சுற்றுலாக் கையேடுகளில் தெஹிவளைக்கு இரண்டு வரிக்கு மேல் இடம் கிடைப்பதில்லை. ஒரு வரி மிருகக்காட்சிச்சாலைக்கு, மற்றது கல்கிசைக் கடலுக்குப் போகும் வழிக்கு. காலி வீதியில் வாகனத்தை நிறுத்தாமலே கடந்துவிடும் பயணிகளைச் சிறுவயது முதல் பார்த்து வருகிறேன்.

இந்த மிருகக்காட்சிச்சாலையின் கதையே சுவையானது. ஜெர்மனியின் ஹாம்பேர்க் நகரில் விலங்கு வாணிபம் செய்த கார்ல் ஹாகன்பெக் குடும்பத்தைச் சேர்ந்த ஜோன் ஹாகன்பெக், ஐரோப்பாவுக்கு அனுப்புவதற்காகச் சேர்த்த விலங்குகளைத் தெஹிவளையில் வைத்திருந்தார். பின்னர் அந்தக் கம்பனி நொடிந்துபோக, 1936இல் அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்றது. இதே ஹாகன்பெக் குடும்பம் 1880களில் யானைகளோடு இலங்கை மனிதர்களையும் கப்பலேற்றிக்கொண்டு போய், ஐரோப்பிய நகரங்களில் கட்டணம் வாங்கிக் காட்சிப்படுத்தியது. யானையும் முரசும் நடனமும்தான் இலங்கை என்ற படம் அன்றே அங்கு விற்பனைக்கு வந்துவிட்டது. இன்றைய விளம்பரத் தாள்கள் அதிலிருந்து எவ்வளவு தூரம் விலகி வந்திருக்கின்றன என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

அதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் வந்த வேறொரு பயணியின் கண் அப்படிப்பட்டதல்ல. 1344இல் புத்தளத்தில் கரையிறங்கிய இப்னு பதூதா, பாவாதமலைக்குச் சென்று, தேவேந்திரமுனை, காலி, கொழும்பு வழியாகத் திரும்பினார். தெஹிவளையின் பெயர் அவரது நூலில் இல்லை. ஆனால் காலியிலிருந்து கரையோரமாகக் கொழும்புக்கு வந்தவர் இம்மண்ணை ஒட்டியே போயிருக்க வேண்டும். கொழும்பை இத்தீவின் அழகிய பெரிய நகரங்களுள் ஒன்று என்று எழுதிய அவர், மலைக்குப் போகும் வழியில் ஓர் ஊரில் தமக்கு வைத்த விருந்தையும் மறக்கவில்லை. காட்டில் பிடித்த எருமைக் கன்றின் இறைச்சி, சோறு, நெய், மீன், கோழி, பால் என்று வரிசையாகச் சொல்கிறார். அந்த ஊரில், நோயால் தங்கிவிட்ட ஒரு குராசானியரைத் தவிர முஸ்லிம் எவரும் இல்லை என்பதையும் குறித்துள்ளார். தம்மவர் அல்லாதோர் உபசரித்ததை மதித்து எழுதிவைத்த பயணி அவர்.

உணவை ஒரு வரலாற்று ஆவணமாகப் படிக்க விரும்புவோருக்கு நான் வட்டிலப்பத்தைச் சிபாரிசு செய்வேன். முட்டை, தேங்காய்ப்பால், கித்துள் கருப்பட்டி, ஏலம், சாதிக்காய் சேர்த்து ஆவியில் அவிப்பது. மேலே கஜு தூவுவோம். பெருநாள் காலையில் இது இல்லாத சோனக வீடு கொழும்பில் அரிது. இதை மலாயர் கொண்டுவந்தார்கள் என்பது பரவலான கருத்து. ஒல்லாந்தர் 1656 முதல் 1796 வரை கொழும்பை ஆண்டபோது, ஜாவா முதலிய தீவுகளிலிருந்து நாடுகடத்தப்பட்ட பிரபுக்களும் படைவீரர்களும் இங்கு வந்தனர். கொம்பனித்தெருவின் வேகந்தைப் பள்ளிவாசல் 1786ஆம் ஆண்டுக்குரியது. முட்டையும் தேங்காய்ப்பாலும் இனிப்பும் சேர்த்து அவிக்கும் ஸ்ரீகாயா மலாய் உலகில் இன்றும் உண்டு.

பெயரோ தமிழ்: வட்டில், அப்பம். சில ஆண்டுகளுக்கு முன் காயல்பட்டினத்து நண்பர் ஒருவர் தெஹிவளையில் எங்கள் வீட்டில் உண்டபோது, “இது எங்க ஊர் பண்டமாச்சே, நீங்க கருப்பட்டி போட்டுக் கறுப்பாக்கிட்டீங்க” என்றார். அவர்கள் சீனி போட்டுச் செய்வார்களாம். என் உம்மா சிரித்துக்கொண்டே, “தம்பி, ஒங்கட மூத்தவங்க கொழும்புக்குக் கல் யாவாரத்துக்கு வந்து தின்னுட்டுப் போனதுதான் அது” என்றார். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்குப் படுவது, செய்முறை கிழக்கிலிருந்தும் பெயர் தமிழ்க் கரையிலிருந்தும் வந்து இங்கே சேர்ந்தன என்பதே. கித்துள் மட்டும் சிங்களக் கிராமத்துடையது. கஜுவோ போர்த்துக்கேயர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரத்தின் விதை. ஒரு வட்டிலுக்குள் எத்தனை துறைமுகங்கள்!

ஆறுபேர் ஒரே தட்டைச் சுற்றி அமரும் சஹனும் அப்படித்தான். அரபுச் சொல், தமிழ்ப் பேச்சு, தெற்காசியப் புரியாணி, ஓரத்தில் தேசிக்காய் ஊறுகாய். சிங்களத்தில் ‘தெஹி’ என்றாலே தேசிக்காய்தான்.

இவையெல்லாம் இருந்தும், உணவே நம்மீது ஐயம் கொள்ளக் காரணமாயிற்று. 2013இல் ஹலால் சின்னம் சர்ச்சைக்குள்ளானது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாக வதந்தி கிளம்பி, கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பரிசோதனையில் அது வெறும் மாவுக் கட்டி என்று தெரிந்தது. 2019 ஏப்ரல் 21 அன்று தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்கு அருகிலுள்ள விடுதியொன்றில் தற்கொலைக் குண்டுதாரி குண்டை வெடிக்கச் செய்ததில் இருவர் உயிரிழந்தனர். உலகச் செய்திகளில் தெஹிவளை அன்று பெரிதாக அடிபட்டது. மிருகக்காட்சிச்சாலை என்ற ஒற்றை அடையாளம் போய் குண்டு என்ற ஒற்றை அடையாளம் வந்தது. முதலாவது நம் ஊரைச் சிறிதாக்கியது. இரண்டாவது நம்மை எதிரியாக்கியது.

அந்த ஆண்டு நோன்பு மே மாதத்தில் வந்தது. எங்கள் தெருவில் கஞ்சி காய்ச்சினார்கள். பச்சரிசி, வெந்தயம், இஞ்சி, உள்ளி, கடைசியில் தேங்காய்ப்பால். பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்மணிக்கு வழக்கம்போல ஒரு கோப்பை அனுப்புவதா வேண்டாமா என்று உம்மா நெடுநேரம் யோசித்தார். மாத்திரைக் கதை அவர் காதுக்கும் எட்டியிருந்தது. அஸருக்குப் பிறகு அந்தப் பெண்மணியே தம் கோப்பையைக் கழுவி எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.